பதினைந்து துண்டும் நாற்பது புளியங்கொட்டையும்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். புதிதாகக் கருத்தாளர், அதாவது பயிற்சி நடத்துபவர், ஆனவர். "அக்கா, ரெண்டு நாள் டிரெயினிங். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் தூங்கிடுறாங்க. நல்ல கேமா நாலு சொல்லுங்களேன்."

சொன்னேன். ஏழின் மடங்கு வந்தால் எண்ணைச் சொல்லாமல் கைதட்டுவது, விரலால் தட்டி மழைச் சத்தம் வரவழைப்பது, கப்பல் மூழ்குது மூணு மூணு பேரா படகில் ஏறுங்க என்று ஓடவிடுவது, இன்னும் ஒன்று. "சூப்பர்க்கா" என்று வைத்துவிட்டார். எனக்குத்தான் அப்புறம் ஒரு மாதிரி இருந்தது. தூக்கத்துக்கு மருந்து கேட்டார், நானும் மருந்துக்கடைக்காரி மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். தம்பி, இதைப் படித்தால் அந்த நாலையும் மறந்துவிடுங்கள்.

நான் இந்த வேலைக்கு வந்ததே விளையாட்டு வழியாகத்தான். 1991, புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கிய வருடம். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். தொண்டராகப் பெயர் கொடுத்தேன். முதல் நாள் பயிற்சியில் எங்களை ஒரு பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வட்டமாக நிற்க வைத்தார்கள். ஆணும் பெண்ணும் ஒரே வட்டத்தில். அதுவரை நான் படித்த வகுப்புகளில் எல்லாம் அந்தப் பக்கம் பையன்கள், இந்தப் பக்கம் நாங்கள். யாருடைய பார்வையும் படாத கடைசி பெஞ்சு மூலை ஒன்று எனக்கென்றே இருந்தது. வட்டத்தில் மூலை ஏது? அன்று என்ன விளையாடினோம் என்பதுகூட இப்போது நினைவில்லை. ஒளிந்துகொள்ள இடம் கிடைக்காமல் தவித்தது மட்டும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் நாற்று நட்டுவிட்டு வரும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதுகு வலியோடு வருபவர்களைப் பாயில் உட்கார வைத்து 'அ' எழுதச் சொன்னால் மறுநாள் வரமாட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு அத்தை தெருவில் பாண்டிக் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்தை எழுதச் சொன்னார். சில்லு விழுந்த கட்டத்து எழுத்தைச் சொன்னால்தான் தாண்ட முடியும். நாற்பது வயதுப் பெண்கள் அரிக்கேன் வெளிச்சத்தில், சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு நொண்டியடித்தார்கள். அதே வருடங்களில்தான் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அறிவொளியோடு சேர்த்திருந்தார். நானும் வாடகை சைக்கிளில் பழகி விழுந்தேன். முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்புறம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பயிற்சி. பஞ்சசூத்திரம் என்று ஐந்து உண்டு: கூட்டம், சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே கொடுக்கும் கடன்), கடன் திருப்பம், கணக்குப் பதிவு. இந்த ஐந்தையும் சார்ட் பேப்பரில் எழுதிக் காட்டி, திரும்பச் சொல்ல வைத்து, கைதட்டி முடித்த பயிற்சிகளை எண்ண முடியாது. எல்லோரும் அழகாகத் திரும்பச் சொல்வார்கள். ஊருக்குப் போய் பழையபடியே நடத்துவார்கள்.

இப்போதெல்லாம் என் பயிற்சிப் பையில் இரண்டே சாமான்கள்தான். ஒன்று, ஐந்து கவர்களில் அட்டைத் துண்டுகள். இன்னொன்று, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளியங்கொட்டை.

முதலில் அட்டைத் துண்டு. ஐந்து சதுரம் என்று சொல்வோம். அலெக்ஸ் பாவலஸ் என்ற உளவியலாளர் உருவாக்கியது என்று பயிற்சிக் கையேடுகளில் போட்டிருக்கும். எனக்கு இது ஒரு சீனியர் அம்மா மூலமாக வந்தது. ஆறு அங்குலச் சதுரம் ஐந்து வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக்க வேண்டும். மொத்தம் 15 துண்டு. கோடு போடுவதில்தான் சூட்சுமம். சில துண்டுகள் ஒரே அளவில் இருப்பதால் ஒரு சதுரத்தில் இருக்க வேண்டியது இன்னொன்றிலும் பொருந்திவிடும். தப்பான சேர்க்கையிலும் ஓர் அழகான சதுரம் வரும். ஆனால் அப்படி ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால் மற்ற நாலு பேரில் யாருக்காவது சதுரம் சேரவே சேராது.

துண்டுகளைக் கலைத்து ஐந்து கவரில் போட வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டிரண்டு, ஒருவருக்கு மூன்று, இரண்டு பேருக்கு நாலு நாலு. ஐந்து பேர் முன்னாலும் ஒரே அளவுச் சதுரம் வந்தால்தான் விளையாட்டு முடியும். பேசக் கூடாது. சைகை கூடாது. அடுத்தவர் துண்டைக் கேட்கக் கூடாது, எடுக்கவும் கூடாது. கொடுக்கலாம், அவ்வளவுதான்.

2014ல் அறந்தாங்கிப் பக்கம் ஒரு ஊர். சமுதாயக் கூடத்தில் பயிற்சி. ஒன்பது வருடமாக நடக்கும் குழு, கொஞ்ச நாளாகக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்று என்னை அனுப்பியிருந்தார்கள். பாய் விரித்து ஐந்து பேரை உட்கார வைத்தேன். மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

நாலாவது நிமிடமே ஊக்குநர் அக்கா, குழுவை முன்னின்று நடத்துபவர், சதுரத்தை முடித்துவிட்டார். நீலச் சேலை கட்டியிருந்தார். முடித்த சதுரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார், காற்றில் பறந்துவிடும் என்பது போல. முகத்தில் ஒரு நிம்மதி. பாயில் இருந்தவர்களிலேயே சின்னவள், இருபத்து மூன்று வயது இருக்கும், இரண்டு துண்டு வந்த கவர் அவளுடையது. தொடங்கியதுமே இரண்டையும் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தள்ளிவிட்டாள். அவள் முன்னால் வெறும் பாய். மற்ற மூன்று பேரும் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைக்கிறார்கள், ஒரு மூலை இடிக்கிறது, ஒரு மூலை மிச்சப்படுகிறது. பத்து நிமிடம் ஆனது. பதினைந்து ஆனது. சுற்றி நின்றவர்களுக்கு எல்லாம் தெரிகிறது, சொல்லத்தான் முடியவில்லை. ஒரு பாட்டி முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு நின்றார். எல்லோர் கண்ணும் அந்த வெறும் பாயைப் பார்ப்பதும் நீலச் சேலையின் கையைப் பார்ப்பதுமாக இருந்தது.

இருபது நிமிடம் தாண்டித்தான் அந்தக் கை நகர்ந்தது. தன் சதுரத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு துண்டை மட்டும் உருவி, அந்தச் சின்னவள் முன்னால் வைத்தார். அதற்கப்புறம் மூன்றே நிமிடம். ஐந்து சதுரமும் வந்துவிட்டது.

என் கையில் நீதி தயாராக இருந்தது. 'தன் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது, குழு என்றால் எல்லோரும் முடிக்க வேண்டும்' என்று சொல்லி, சார்ட்டில் எழுதி, டீக்குப் போயிருப்பேன். அன்று தொண்டை கட்டியிருந்தது. அதனால் சுருக்கமாக, "என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சின்னவள்தான் ஆரம்பித்தாள். "எனக்கு ரெண்டுதான் டீச்சர் இருந்துச்சு. அவங்களுக்கெல்லாம் நாலு. ரெண்டை வச்சுக்கிட்டு என்னத்தச் செய்யப் போறோம்னு குடுத்துட்டேன்." நிறுத்திவிட்டு, "கூட்டத்துலயும் அப்படித்தான்" என்றாள்.

நீலச் சேலை அக்கா திரும்பிப் பார்த்தார். "என்ன அப்படித்தான்?"

"சேமிப்பு நானும் உங்க மாதிரிதான்க்கா கட்டுறேன். கடன் கேட்டதில்ல."

"கேட்டாத்தானே குடுப்பாங்க. கேக்குறவங்களுக்குக் குடுத்தேன். வேணும்னா செஞ்சேன்?"

அப்போது முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்ற பாட்டி குறுக்கே வந்தார். "கேக்கக் கூடாதுன்னு டீச்சர்தானத்தா சொன்னாக. பேசவிட்டிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிச்சிருப்பீக." எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, பின்னால் நின்ற ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "சரி, நம்ம குழுவுல கேக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை. யாரோ போய் தீர்மானப் புத்தகத்தை எடுத்துவந்தார்கள். பக்கம் பக்கமாக வாசித்தார்கள். பதினைந்து பேர் இருக்கும் குழுவில் உள்கடன் நாலு பேருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. நான் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என் நீதியை வைக்க அந்தக் கூடத்தில் இடமே இல்லை. அவர்கள் பார்த்தது அதைவிடப் பெரிய விஷயம். என் விளையாட்டில் நான் போட்ட விதியும் அவர்கள் குழுவில் யாரும் போடாமலே இருந்த விதியும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இருபது தடவை ஆடவைத்த எனக்கு அது தோன்றியதே இல்லை.

அந்தக் குழு அதற்கப்புறம் திருந்தியது என்று எழுத ஆசைதான். அந்தத் திட்டம் அந்த மார்ச்சோடு முடிந்தது, நான் மறுபடி அங்கே போகவில்லை.

இப்படி ஒரு நாளைச் சொல்லிவிட்டு என் சறுக்கலைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு, இன்னொருவர் குரலை நம்பி நடக்கிற விளையாட்டு ஒன்று எல்லாப் பயிற்சியிலும் உண்டு. ஒருமுறை ஒரு அம்மா வரமாட்டேன் என்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். "சும்மா விளையாட்டுதானேம்மா" என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்து, துண்டால் கண்ணைக் கட்டினேன். பாதி தூரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் அப்புறம் சொன்னார்: ஆபரேஷன் சரியாக அமையாமல் ஒரு கண்ணில் பார்வை போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தாயி, உனக்கென்ன தெரியும்" என்றார். தெரியாதுதான். ஆனால் அவர் வரமாட்டேன் என்று சொன்னது தெரியும் அல்லவா? அன்றோடு கண்கட்டு போயிற்று. 'சும்மா விளையாட்டுதானே' என்ற வார்த்தையும் போயிற்று. வரமாட்டேன் என்பவருக்கு இப்போது கடிகாரத்தைக் கையில் கொடுத்து நேரம் பார்க்கச் சொல்கிறேன்.

எனக்குப் பிடிக்காத இன்னொன்று பலூன். ஆளுக்கு ஒரு பலூன், ஒரு குண்டூசி. கடைசிவரை பலூன் உடையாமல் வைத்திருப்பவர் ஜெயித்தவர் என்பார் கருத்தாளர். எல்லோரும் ஓடி அடுத்தவர் பலூனைக் குத்துவார்கள். முடிந்ததும் அவர் மேடையேறி, "நான் குத்தச் சொன்னேனா? யாருமே குத்தாமல் இருந்திருந்தால் எல்லோரும் ஜெயித்திருக்கலாமே!" என்பார். கூட்டம் தலையைக் குனியும். எனக்கு அவர் மேல்தான் கோபம் வரும். குண்டூசியைக் கொடுத்தது யார்? ஆளை மாட்டிவிட்டுப் பிறகு உபதேசம் செய்வதற்கு விளையாட்டு எதற்கு, நேரடியாகவே திட்டிவிடலாம்.

பாட்டு நிற்கும்போது பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் ஆட வேண்டும் என்பதும் அப்படித்தான். ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த ஒரு தலைமையாசிரியர், வட்டார வள மையத்தில், தன் பள்ளி ஆசிரியர்கள் முன்னால் கோழி மாதிரி நடந்துகாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மதியத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பயிற்சிக்குப் பெயர் 'மகிழ்ச்சியான கற்றல்'.

சரி, புளியங்கொட்டைக்கு வருகிறேன்.

கிண்ணத்தில் 40 கொட்டை. ஐந்து பேர். ஒரு சுற்றில் ஒருவர் எட்டு வரை எடுக்கலாம், மற்றவர் பார்க்காமல். சுற்று முடிந்ததும் மிச்சம் இருப்பதை நான் இரட்டிப்பாக்குவேன். ஆனால் 40க்கு மேல் போகாது, கண்மாய் நிரம்பினால் மீதித் தண்ணீர் கலிங்கில் போய்விடுகிற மாதிரி. பத்துச் சுற்று. யாரிடம் அதிகக் கொட்டை சேர்கிறது என்று பார்ப்போம்.

கீரமங்கலம் பக்கம் பூ விவசாயிகளிடம் இதை ஆடினேன். எல்லோரும் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள். முதல் ஆட்டத்தில் பேசக் கூடாது என்றேன். எட்டு, ஆறு, எட்டு, ஐந்து, ஏழு என்று 34 போயிற்று. மிச்சம் ஆறு, இரட்டித்தால் 12. இரண்டாம் சுற்றில் முதல் ஆள் எட்டு எடுத்தார், இரண்டாம் ஆள் மீதி நாலையும் அள்ளினார், மூன்றாம் ஆள் வெறும் கிண்ணத்தைத் தடவிவிட்டுக் கையை எடுத்தார். பத்துச் சுற்று ஆட்டம் ஒன்றரைச் சுற்றில் முடிந்தது. சிரித்தார்கள். "போர் போட்ட கதைதான்" என்றார் ஒருவர்.

இரண்டாவது ஆட்டத்தில் பேசலாம் என்றேன். உடனே கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆளுக்கு நாலு எடுத்தால் 20 போகும், 20 மிஞ்சும், மறுபடி 40. ஆயுசுக்கும் ஆடலாம். ஒப்புக்கொண்டு தொடங்கினார்கள். முதல் சுற்று முடிந்து எண்ணினால் மிச்சம் 19. யாரோ ஐந்து எடுத்துவிட்டார்.

யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விளையாட்டு பஞ்சாயத்தாகிவிடும். "ஒண்ணுதானே, விடுங்க" என்று அவர்களே தொடர்ந்தார்கள். அதற்கப்புறம் எல்லோரும் யோக்கியமாக நாலு நாலுதான் எடுத்தார்கள். நான் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் கிண்ணத்தில் இருப்பதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன்: 40, 38, 36, 32, 24, 8. ஆறாவது சுற்றில் எட்டுக் கொட்டையை ஐந்து பேர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒத்தக் கொட்டைக்கா இம்புட்டு?" என்று ஒரு பெரியவர் எழுந்து வந்து, சாக்பீஸை வாங்கித் தானே கணக்குப் போட்டார். இரண்டாம் சுற்றிலேயே எல்லோருமாகச் சேர்ந்து இரண்டு குறைத்து எடுத்திருந்தால் மறுபடி 40 வந்திருக்கும். மூன்றாம் சுற்றில் நாலு குறைக்க வேண்டும். நாலாவதில் எட்டு. ஐந்தாவதில் 16. எழுதி முடித்துவிட்டுக் கையைத் தட்டினார். "இது கந்துவட்டிக் கணக்கால்ல இருக்கு."

அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போயிற்று. முன்பு கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சியது, யார் மடையைத் திறப்பது என்பதற்கு ஆள் இருந்தது, இப்போது பூமிக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு மடையும் கிடையாது, முறையும் கிடையாது என்பது எல்லாம் அவர்கள் சொன்னதுதான். 2009ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்ணான எலினார் ஆஸ்ட்ரம் வாழ்நாள் முழுக்க இதைத்தான் ஆராய்ந்தார் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பொதுச் சொத்தைப் பங்கிடும் பரிசோதனைகளை அவரும் கூட இருந்தவர்களும் நடத்தியிருக்கிறார்கள். ஆடுபவர்களை ஒருவரோடொருவர் பேசவிட்டாலே நிலைமை வெகுவாக மாறுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அறந்தாங்கிப் பாட்டி சொன்னதும் அதேதான்.

குழந்தைகள் விஷயம் வேறு. 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். கொரோனாவால் ஒன்றரை வருடம் பள்ளிக்கூடம் பார்க்காத பிள்ளைகள். கூட்டல் மறந்துபோயிருந்தது. ஒரு தன்னார்வலர் ராஜா ராணி சீட்டை எடுத்துவிட்டாள். போலீஸ் திருடனைக் கண்டுபிடிப்பது, மதிப்பெண்ணைக் கூட்டி எழுதுவது, அவ்வளவுதான். கூட்டத் தெரியாத பிள்ளையை மற்ற பிள்ளைகள் மதிப்பெண்ணில் ஏமாற்றுவார்கள். ஏமாந்த ஆத்திரத்திலேயே நாலு நாளில் கூட்டல் வந்துவிடும். அங்கே உட்கார வைத்து 'என்ன கற்றுக்கொண்டோம்' என்று கேட்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு வேண்டியிருக்கிறது.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது இதுதான். இருபது நிமிடம் ஆடினால் நாற்பது நிமிடம் பேச விட வேண்டும். நம் ஊர்ப் பயிற்சிகளில் நடப்பது நேர்மாறு. முக்கால் மணி நேரம் ஆடுவோம், பேச ஆரம்பிக்கும்போது டீ வந்துவிடும், டீக்கப்புறம் வருகைப் பதிவில் கையெழுத்து, ஃபீட்பேக் ஃபார்ம், குரூப் போட்டோ. 'விளையாட்டு மூலம் குழு ஒற்றுமை உணர்த்தப்பட்டது' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி. நானே அந்த வரியை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

பேச்சு கிளம்பாவிட்டால்? கிளம்பாது, முதலில். நூறு வரை மனசுக்குள் எண்ணுங்கள். எனக்கு இன்னும் அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அறுபது வந்ததும் பேச வாய் துறுதுறுக்கும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் வைத்துக்கொள்வேன், விழுங்கமாட்டேன். வாயில் தண்ணீர் இருந்தால் பேச முடியாது பாருங்கள்.

இப்போது ஒரு சின்னப் பிரச்சினை. போன மாதப் பயிற்சியில் சதுரத் துண்டு ஒன்று தொலைந்துவிட்டது. என் துண்டுகள் எல்லாம் சிவப்பு, ஒரு சேலைப் பெட்டியில் வெட்டியவை. அவசரத்துக்கு ஒரு மஞ்சள் அட்டையில் அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டிச் சேர்த்தேன். மறுநாள் ஆடினால் யாரும் மற்ற பதினாலைப் பார்க்கவே இல்லை. மஞ்சள் யார் கவரில் வந்ததோ அந்தப் பெண் கடைசிவரை அதைக் கொடுக்கவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு நானே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. "அதுதான் முக்கியமான துண்டுன்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள். வேறு என்ன நினைப்பாள்?

ஐப்பசியில் தங்கச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டுச்சேலைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதே என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.